வெளிநாட்டில் படித்த பொதுக் கொள்கையும் மஸ்கெலியாவில் கேட்க வேண்டிய கேள்விகளும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழு எங்களிடம் கேட்டது இதுதான். வெளிநாடு சென்று பொதுக் கொள்கையும் தலைமைத்துவமும் படித்தவர்கள் நம் சங்கத்தில் சிலர் இருக்கிறோம். அது என்ன படிப்பு, அதனால் மஸ்கெலியாவுக்கு என்ன பயன் என்று, இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். மருத்துவமோ பொறியியலோ படித்தவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. எங்களிடம் கேட்டது நியாயம்தான். நாங்கள் நால்வரும் வெவ்வேறு ஆண்டுகளில் இப்பாடசாலையை விட்டு வெளியேறியவர்கள். இருவர் இங்கே அரச சேவையில் இருக்கிறோம். இருவர் வெளிநாட்டில் இருக்கிறோம். தொலைபேசியில் பேசிப் பேசி இந்த உரையைச் சேர்ந்தே எழுதினோம். வாசிப்பவர் ஒருவர், பேசுவது நால்வரும்.

பொதுக் கொள்கை என்றால் ஏதோ பெரிய விடயம் போலத் தோன்றும். எல்லோருக்கும் பொதுவான ஒரு காரியத்தில் யார் முடிவெடுக்கிறார், யாரைக் கேட்டு எடுக்கிறார், பணம் யாருடையது, பலன் யாருக்கு, பாரம் யாருக்கு என்று ஆராய்வதே அந்தப் படிப்பு. உதாரணம் தேடி லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. நம் மவுசாகலை நீர்த்தேக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1960களில் அந்த அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் இடம்பெயர்க்கப்பட்டது. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் கட்டடங்களின் எச்சங்களும் வெளியே தெரிகின்றன. நாமும் போய்ப் பார்த்து வருகிறோம். அந்த நீரிலிருந்து பிறந்த மின்சாரம் நாட்டுக்குப் போனது. ஆனால் தண்ணீரை அடுத்திருந்த லயங்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. அணை கட்டியது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். நகரை மாற்றியபோது யாரிடம் கேட்டார்கள்? யாருடைய இழப்பைக் கணக்கில் எழுதினார்கள்? லயத்துக்குக் கம்பி இழுக்க ஏன் அவ்வளவு காலம் சென்றது? இவற்றைக் கேட்கவும், விடையைத் தரவுகளோடு தேடவும் பழகுவதே நாங்கள் படித்த படிப்பு.

அடுத்து, "வெளிநாடு" என்ற சொல். மற்ற ஊர்களில் அந்தச் சொல்லைக் கேட்டதும் விமானமும் பட்டமும் நினைவுக்கு வரலாம். நம் குடும்பங்களில் அதற்கு வேறு வரலாறு உண்டு. பூட்டன் காலத்தில் அது மண்டபம் முகாமும் தலைமன்னார்க் கரையும். பாட்டி காலத்தில் அது ஓர் ஒப்பந்தம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேர் எங்கே வாழவேண்டும் என்று எண்ணிக்கையில் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அக்கா இங்கே, தங்கை கூடலூரில் என்று எத்தனை குடும்பங்கள் பிரிந்தன என்பதை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அம்மா காலத்தில் வெளிநாடு என்றால் குவைத், சவூதி, வீட்டு வேலை. நம்மில் பலர் அந்தப் பணத்தில் படித்தவர்கள்.

அதே 1964ஆம் ஆண்டு செப்ரெம்பரில்தான் இந்தியா, ஐ.டெக். என்று நாம் அறிந்த பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பிற நாடுகளின் உத்தியோகத்தர்களை அழைத்து நிருவாகமும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் திட்டம் அது. அதற்கு முன்பே, 1951இல், நம் தலைநகரின் பெயரைத் தாங்கிய கொழும்புத் திட்டம் நடைமுறைக்கு வந்து, ஆசிய நாடுகளிலிருந்து பலர் வெளியே படிக்கப் போனார்கள். நம் தோட்டத்துப் பிள்ளை அந்த வரிசையில் நிற்கவே முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். நாடில்லாதவருக்குக் கடவுச்சீட்டு இல்லை; அது இல்லாதவருக்குப் புலமைப்பரிசிலும் இல்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல்தான் வந்தது. ஆகவே தங்கைமாரே, உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் கடவுச்சீட்டு 55 ஆண்டுகள் தாமதமாக நம் வாசலுக்கு வந்தது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்று யோசிக்கும் கடமை நமக்கு மற்றவர்களை விடச் சற்று அதிகம்.

வாக்குரிமையின் கதையும் இதனோடு சேர்ந்ததுதான். 1928இல் டொனமூர் ஆணைக்குழு முன் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா சாட்சியம் அளித்தார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று அவரிடம் கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தான், நிச்சயமாக வேண்டும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். அந்த அறையில் நம் பாட்டிமார் ஒருவரும் இல்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. இந்திய வம்சாவளியினரைப் பதிவதில் கட்டுப்பாடுகளும் கூடவே வந்தன. ஆயினும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஜி. ஆர். மோத்தாவை இந்த மஸ்கெலியாத் தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த 1952 தேர்தலில் அவரை அனுப்பிய மக்களில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. நம்மைப் பற்றிய முடிவுகள் நாம் இல்லாத அறைகளில் எடுக்கப்பட்டன. சில வேளைகளில் நமக்கு நன்மையாகவும், பல வேளைகளில் தீமையாகவும் முடிந்தன. அந்த அறைகளுக்குள் போய் உட்காரத் தெரிந்த பெண்கள் நமக்கு வேண்டும் என்பதே நாங்கள் இந்தப் படிப்பைத் தேடியதற்குக் காரணம்.

இனி, படிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறோம். பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வேலை செய்தபின், ஓர் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டு முதுமாணிக் கற்கைநெறி. பொருளியல், புள்ளிவிபரம், சட்டம், பாதீட்டை வாசிக்கும் முறை, பேச்சுவார்த்தை நடத்தும் முறை எல்லாம் உண்டு. ஆனால் பாதிப் படிப்பு வகுப்புக்கு வெளியே. பல நாட்டு மாணவர்கள் ஒரே விடுதியில் இருப்பார்கள். சில வாரங்கள் ஒரு நகர சபையிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்யவேண்டும். ஒவ்வொருவரும் தன் ஊரின் ஒரு பிரச்சினையை மற்றவர்களுக்கு விளக்கவேண்டும். பேசாமல் இருந்தால் புள்ளி கிடையாது. பெரியவர்கள் முன் வாய் திறவாதிருப்பதே மரியாதை என்று வளர்ந்த எங்களுக்கு முதல் சில வாரங்கள் மிகவும் கஷ்டமாக இருந்தன.

எங்களுக்கு அங்கே கிடைத்த மிகப் பெரிய பாடம் ஒரு கேள்வி. கென்யாவைச் சேர்ந்த ஒரு வகுப்புத் தோழி, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த கெரிச்சோப் பகுதிப் பெண், எங்களில் ஒருவரிடம் கேட்டார்: "உங்கள் வீட்டு வாசலில் உள்ள பாதை யாருடையது? அது உடைந்தால் யார் திருத்துவார்?" சின்னக் கேள்விதான். பதில் சொல்லப் போனபோதுதான் எவ்வளவு நீளமான பதில் என்று தெரிந்தது. பாதை தோட்டத்துடையது. நிலம் அரசுடையது. நிருவாகம் 1992 முதல் கம்பனிகளுடையது. பிரதேச சபைக்கு நாம் வாக்களிக்கிறோம். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக நிற்கிறது. வாக்கு உண்டு, பாதை இல்லை. அந்தப் பாதையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது இயற்கையாகவே தோன்றியது, மழை பெய்வது போல. வெளியிலிருந்து வந்த ஒருத்தி கேட்டபிறகுதான், இது யாரோ எழுதிய ஒரு சட்டம், எழுதியதைத் திருத்தலாம் என்று எங்களுக்குப் பட்டது. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. திருத்தியவர்கள் நாங்கள் அல்ல. பல ஆண்டுகளாக மலையகத்தில் அதைக் கேட்டு நின்றவர்களின் உழைப்பு அது. அதே ஆண்டில்தான் அம்பகமுவ பிரதேச சபை பிரிந்து மஸ்கெலியாவுக்கெனத் தனிப் பிரதேச சபையும் முதல் தடவையாகத் தெரிவுசெய்யப்பட்டது.

வேற்று நாட்டில் வாழ்ந்து படிப்பது என்றால், அங்குள்ள விடையைப் பொட்டலமாகக் கட்டி எடுத்து வருவது என்று சிலர் எண்ணுகிறார்கள். எங்கள் அனுபவம் அப்படியில்லை. எங்களில் ஒருவர் சிங்கப்பூரில் படித்தார். அங்கே பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். அவற்றைக் குடியிருப்போருக்கே விற்கும் திட்டம் தொடங்கியதும் 1964இல்தான். லயத்தில் வளர்ந்தவருக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கும். ஆனால் அந்த வீடுகளுக்குப் பின்னால் 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் உண்டு, சம்பளத்திலிருந்து கட்டாயச் சேமிப்பு உண்டு, எந்த இனத்தார் எத்தனை வீதம் ஒரு கட்டடத்தில் இருக்கலாம் என்ற 1989ஆம் ஆண்டின் விதியும் உண்டு. அவற்றில் எதை நாம் ஏற்போம், எதை ஏற்கமாட்டோம்? விடையை விட, அந்த விடைக்கு அவர்கள் கொடுத்த விலையைப் படிப்பதே முக்கியம் என்று அங்கே கற்றோம். 7 பேர்ச் காணியும் தனி வீடும் நமக்கு எப்போது, எந்த உறுதிப் பத்திரத்தோடு என்று கேட்க அது உதவுகிறது.

எங்களில் இன்னொருவர் கள ஆய்வுக்காகக் கேரளத்து மூணாறுக்குப் போனார். அங்கேயும் ஒரு நல்லதண்ணி உண்டு, சகோதரிகளே. அங்கேயும் தமிழ் பேசும் பெண்கள் கொழுந்து கொய்கிறார்கள். அங்கேயும் வீடு தோட்டத்துடையது, ஓய்வு பெற்றால் வெளியேற வேண்டும். 2015 செப்ரெம்பரில் அந்தப் பெண்கள், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து, எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் முன்னால் நிற்கவிடாமல் தாங்களே வீதியை மறித்து உட்கார்ந்தார்கள். "பெண்பிள்ளை ஒருமை" என்ற பொருளில் பொம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர். ஒன்பது நாட்களில் கேட்ட 20 வீதத்தைப் பெற்றார்கள். சில வாரங்கள் கழித்து நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் அவர்களின் தலைவிகளில் ஒருவரான கோமதி, தேவிகுளம் வட்டாரப் பஞ்சாயத்துக்குத் தெரிவானார். அதற்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருந்தது: கேரளத்தில் உள்ளூராட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. துணிவு ஒரு பக்கம், சட்டம் திறந்த கதவு மறுபக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் ஒருத்தி உள்ளே போகிறாள். நம் நாட்டிலும் 25 வீத ஒதுக்கீடு 2018 உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் 2 வீத அளவில்தான் இருந்தார்கள். கதவு திறந்தாயிற்று. உள்ளே போய்ப் பாதீட்டை வாசித்து, எழுந்து நின்று கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் நம்மிடம் இருக்கிறார்கள்?

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எங்களில் ஒருவர் பிரித்தானியாவில் இருந்த விடுதியில், அடுத்த அறையில் மாத்தறையைச் சேர்ந்த ஒரு சிங்கள அரச அதிகாரி இருந்தார். ஒரே சமையலறை. பருப்பும் சம்பலும் இருவருக்கும் பொது. அவர் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்குப் பல தடவை வந்தவர். ஹட்டனிலிருந்து வரும் வழி முழுதும் தெரியும் நீண்ட கட்டடங்களில் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை என்று சொன்னார். பின்பு, 1989இல் காணாமற்போன தன் மாமாவைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் தெற்கில் நடந்தவை நமக்குச் செய்தியாகத் தெரியும்; ஒரு வீட்டுக்குள் அது என்ன செய்தது என்று அன்றுதான் கேட்டோம். மஸ்கெலியாவும் மாத்தறையும் ஒரே நாட்டில் இருக்க, இரண்டு பெண்கள் பேசிக்கொள்ள ஐயாயிரம் மைலுக்கு மேல் பறக்க வேண்டியிருந்தது. இன்று அவர் ஒரு பிரதேச செயலகத்தில் பணிபுரிகிறார். பிறப்புச் சான்றிதழில் பிழையோடு வரும் தோட்டத்துப் பிள்ளையைப் பார்த்தால் அவருக்கு இப்போது விளக்கம் தேவைப்படாது. பண்பாடு கடந்து வாழ்ந்து படிப்பதன் பலன் இதுவே என்று நாங்கள் எண்ணுகிறோம்.

பிற நாட்டில் கண்டதைக் கொண்டு வந்து நம் மண்ணுக்கு ஏற்றபடி மாற்றியவர்கள் இந்நாட்டில் முன்பே இருந்திருக்கிறார்கள். வைத்தியர் மேரி இரத்தினம் கனடாவில் பிறந்தவர். தமிழரை மணந்து 1896இல் இலங்கை வந்தவர். தம் நாட்டில் கிராமத்துப் பெண்கள் கூடிக் கற்கும் மாதர் நிறுவனங்களை அறிந்திருந்த அவர், 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். கனடாவின் பாடத்தை அப்படியே ஒப்புவிக்கவில்லை. இங்குள்ள கிராமத்துப் பெண்ணுக்குத் தேவையான சுகாதாரம், போசாக்கு, வீட்டுத் தோட்டம் என்று மாற்றினார். 1958இல் மக்சேசே விருது பெற்றார். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வந்து, கேட்டு, பின் செய்தவர் அவர்.

அதே கண்ணோடு பார்த்தால் நம் அம்மாமாரும் பண்பாடு கடந்து படித்தவர்கள்தான். அரபு மொழி பேசினார்கள், ஒப்பந்தம் என்றால் என்ன என்று உடம்பால் அறிந்தார்கள். ஆனால் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற விதி வந்து, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குப் போவதைத் தடுத்தபோது, பிள்ளைமடுவத்தின் நிலையையும் நாட்சம்பளத்தையும் அறிந்த அந்தப் பெண்களைக் கேட்டு அது எழுதப்பட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் பட்டம் அவர்களுடைய அறிவை விடப் பெரிதல்ல. அந்த அறிவை முடிவெடுக்கும் மேசைக்குக் கொண்டுபோகும் வழி எங்களுக்குக் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

பெரியவர்கள் சிலர் கேட்பார்கள்: போனவள் திரும்பி வருவாளா? கேட்க வேண்டிய கேள்வி. பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் பெற்றவர் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் தன் நாட்டில் இருக்கவேண்டும் என்பது விதி. ஜப்பானின் ஜே.டி.எஸ். திட்டம் அரச உத்தியோகத்தர்களுக்கானது. ஆகவே முதலில் இங்கே அரச சேவையில் சேரவேண்டும். ஐ.டெக். பயிற்சிகள் பல சில வாரங்களிலேயே முடிந்துவிடும். ஆகவே எல்லா வழியும் குடிபெயரும் வழியல்ல. எங்களில் இருவர் வெளியே இருப்பதும் உண்மை. அவர்கள் நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களை இரவில் விழித்திருந்து திருத்தித் தருவதும் உண்மை.

நிறைவாக, சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுதோறும் மஸ்கெலியா பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கட்டும். அனுமதி பெற்றுச் சபை அமர்வைப் பார்க்கட்டும். நம் தோட்டப் பாதைக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். இதற்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை.

இரண்டு. தெற்கிலோ வடக்கிலோ கிழக்கிலோ உள்ள ஒரு பாடசாலையோடு விடுமுறையில் பரிமாற்றம் செய்வோம். அவர்கள் பிள்ளைகள் நம் வீடுகளில், நம் பிள்ளைகள் அவர்கள் வீடுகளில். மாத்தறைப் பெண்ணைச் சந்திக்க நம் தங்கைமார் லண்டன் வரை போகவேண்டாம்.

மூன்று. நூற்றாண்டு நிதி. நினைவு வளைவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதில் ஒரு பகுதியை மட்டும் கேட்கிறோம். புலமைப்பரிசில் கிடைத்தபின் பயணச்சீட்டும் கட்டணமும் அவர்கள் தருவார்கள். கிடைப்பதற்கு முன் வரும் செலவுக்குத்தான் நம் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்: ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம், பத்திரங்களை மொழிபெயர்ப்பது, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இருப்பதைத் திருத்துவது, நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பு போய் ஓர் இரவு தங்குவது. ஒரு பிள்ளைக்கு இவை பெரிய தொகையல்ல. கொழுந்துச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு அது மலை. உலகின் எந்த மூலையில் இருந்தாலும் பழைய மாணவியர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் அந்தச் செலவை ஏற்றால் போதும்.

அடுத்த நூறு ஆண்டுகளில் நம் வாசலைப் பற்றி முடிவெடுக்கும் அறைகளில் இப்பாடசாலைப் பெண் ஒருத்தியாவது எப்போதும் உட்கார்ந்திருக்கவேண்டும் என்பது எங்கள் ஆசை. அவளை இப்போதே தயார்படுத்துவோம்.